கிருமிக்கு விருந்து வைத்த மேனேஜர்

பிள்ளைகளா, நேற்று சாப்பிடும்போது பெரியவன் தன் ஆபீசில் இருக்கும் யாரையோ "அவன் ஒரு கிருமிப்பா" என்று திட்டினான். சின்னவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எட்டாவதுக்கு மேல் படித்தவன் இல்லை, உங்கள் அளவுக்கு விஷயம் தெரிந்தவனும் இல்லை. ஆனால் கிருமியோடு சேர்ந்து வேலை பார்த்தவன். கிருமிக்கு ஒரு நேர்மை உண்டு. அதனால் இனிமேல் ஒருத்தனைக் கேவலமாகச் சொல்ல வேண்டுமென்றால் வேறு வார்த்தை தேடுங்கள். வார்த்தை கிடைக்காவிட்டால் எங்கள் மேனேஜரைச் சொல்லுங்கள். அவரைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவர் முகம் இல்லை, கைக்குட்டை. வெள்ளைக் கைக்குட்டை, நான்காக மடித்தது, சென்ட் தெளித்தது. காரை விட்டு இறங்கும்போதே அது மூக்குக்குப் போய்விடும். எண்ணூர்ப் பக்கம் எங்கள் கம்பெனி பிளைவுட் ஒட்டுகிற பசை செய்துகொண்டிருந்தது. கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்று பசை கிண்டுகிறவன் அந்த வாடையைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டான். மேனேஜர் மட்டும் அந்த வாடையில் சம்பாதித்தார், ஆனால் முகரமாட்டார். ஆளுக்கு ஆள் அவர் குரல் மாறும். முதலாளியிடம் பேசும்போது இடுப்பிலிருந்து வளைந்து ஒரு குரல். எங்களிடம் பேசும்போது நாய்க்குக் கல் எடுப்பது போல ஒரு குரல்.

பசை செய்து மிஞ்சுகிற தண்ணீரில் பீனால் இருக்கும். ஆஸ்பத்திரித் தரையைக் கழுவினால் ஒரு வாடை வருமே, கிட்டத்தட்ட அதுதான். முதலில் அதை அப்படியே கால்வாயில் விட்டார்கள். கால்வாய் கழிமுகத்தில் போய்ச் சேரும். எழுபதுகளின் நடுவில் தண்ணீரைச் சுத்தம் பண்ணித்தான் விடவேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்காக ஒரு பெரிய தொட்டி கட்டி, பக்கத்திலேயே ஒரு சின்ன லேப் வைத்து, ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். நாங்கள் அவரைக் கெமிஸ்ட் அம்மா என்போம். என்னைவிட வயதில் சின்னவர். என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். நான் தொட்டிக்குப் பம்ப் ஆபரேட்டர்.

அந்த அம்மா சாக்கடைச் சேற்றையும், கம்பெனிக்குப் பின்னால் வருஷக்கணக்காகப் பீனால் ஊறிக் கிடந்த பள்ளத்துச் சேற்றையும் கொண்டுவந்து தொட்டியில் போட்டார். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பீனால் தண்ணீர் காட்டினார். புதுசாக வந்த மருமகளுக்கு நம் வீட்டுக் காரத்தைப் பழக்குவது போல. கடைசியில் அந்தச் சேற்றுக் கிருமிகள் பீனாலைச் சாப்பிட ஆரம்பித்தன. வெளியே போன தண்ணீரில் வாடை இல்லை. கால்வாய் முனை வரைக்கும் மீன் ஏறி வந்தது. முகத்துவாரக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, உங்கள் அத்தை, "இன்னா தம்பி, உங்க கம்பெனிக்காரனுக்குப் புத்தி வந்துகீதா?" என்று கேட்டாள். புத்தி வந்தது சேற்றுக்கு என்று நான் சொன்னேன்.

ஒருநாள் கெமிஸ்ட் அம்மா மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னார். ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய், அதற்குள் சர்க்கரைத் தண்ணீர். கம்பு கம்பாகக் கிருமிகள் நீந்துகின்றன. கொஞ்சம் நேராகப் போகும், நின்று கிறுகிறுவென்று சுற்றும், வேறு பக்கம் திரும்பிப் போகும். போகப் போக இனிப்பு கூடினால் நேராக நிறைய தூரம் போகும். குறைந்தால் சட்டென்று நின்று சுற்றித் திசை மாற்றும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் வாயில் திருவிழாக் கூட்டம் கூடிவிட்டது. கண் இல்லை, மூக்கு இல்லை, மூளை இல்லை. எப்படியம்மா என்றேன். "உடம்பெல்லாம் நாக்குன்னு வச்சுக்கோங்க அண்ணே. இப்போ இருக்கிற ருசியையும் சித்த முன்னாடி இருந்த ருசியையும் ஒப்பிட்டுப் பார்க்குது. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஆனா அதுல ஏமாத்து கிடையாது" என்றார். எனக்கு உடனே மேனேஜர் ஞாபகம் வந்தது. முதலாளி இருக்கும் பக்கம் நேராக நீந்துவார், பழி இருக்கும் பக்கம் கிறுகிறுவென்று சுற்றித் திரும்புவார். அப்போது சிரித்தேன். பிறகு அந்த ஒப்புமை கிருமிக்கு அவமானம் என்று புரிந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. நமக்கு வீட்டில் அந்தப் பண்டிகை இல்லை என்றாலும் கம்பெனிப் பொரி கடலை எல்லாருக்கும் பொது. கொதிகலனுக்குச் சந்தனம், பம்புக்குக் குங்குமம், லாரிக்கு எலுமிச்சம்பழம். மேனேஜர் ஒவ்வொன்றாகக் கற்பூரம் காட்டிக்கொண்டு வந்தவர், தொட்டி முன்னால் வந்து நின்றார். "எல்லா மிஷினுக்கும் மரியாதை பண்ணிட்டோம். ராத்திரி பகலா உழைக்கிற இந்த வாயில்லா ஜீவனுங்களுக்கு என்ன பண்ணினோம்? பீனாலையே குடுத்துக் கொடுமைப்படுத்தறோம்" என்றார். கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள். மாட்டுத் தீவனத்தில் கலப்பார்களே, சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற கறுப்புக் கழிவுப்பாகு, அதில் ஒரு பீப்பாய் ஏற்கெனவே வரவழைத்து வைத்திருந்தார். அதற்கும் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, தொட்டியில் கவிழ்க்கச் சொன்னார். கெமிஸ்ட் அம்மா, "வேண்டாம் சார்" என்றார். "உங்க வீட்டு விருந்தாளிக்குப் பாயசம் போடமாட்டீங்களாம்மா?" என்றார் மேனேஜர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னதற்குச் சிரிப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி.

மறுநாள் தொட்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. நுரை புசுபுசுவென்று எழும்பி விளிம்பைத் தொட்டது. "பார்த்தியா, பசங்க எப்படி உற்சாகமா கீறாங்க! சோறு போட்டா எவனும் உழைப்பான்" என்று மேனேஜர் என் பாஷையில் பேசி என்னைக் கேலி பண்ணினார். சீக்கிரம் முதலாளி வரப்போகிறார், அவருக்கு இந்த நுரையைக் காட்டவேண்டும், அதுவரை தினமும் பாகு ஊற்று என்று உத்தரவு போட்டு, இன்னும் சில பீப்பாய்களை இறக்கினார். ஊற்றினேன். ஊற்றாவிட்டால் ஊற்ற வேறு ஆள் இருந்தான்.

கெமிஸ்ட் அம்மா லேப் வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் எனக்குச் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கிருமி உடம்புக்குள்ளே ஒரு பட்டறை இருக்கிறதாம். எந்தச் சாப்பாடு வந்திருக்கிறது என்று ருசி பார்த்து, அதை உடைக்க வேண்டிய உளியை மட்டும் செய்துகொள்ளுமாம். பீனால் மட்டும் இருந்தால் பீனால் உளி. சுலபமான இனிப்பு வந்துவிட்டால் அந்த உளியைச் செய்வதையே நிறுத்திவிடுமாம். இனிப்பு தீர்ந்தால்தான் மறுபடி பீனால் பக்கம் திரும்பும். இங்கேதான் தீர விடுவதே இல்லையே. பீனாலோ, இனிப்புச் சாப்பிடும் கூட்டத்தைத் தாண்டி, யாரும் தொடாமல், கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மேனேஜரிடம் அந்த அம்மா இதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். "நுரை வருதா இல்லையாம்மா?" என்பதுதான் ஒரே பதில்.

பிறகு அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கூடை தலையில், கூடை நிறைய மடவை மீன். விற்காத மீன். "இன்னா தம்பி, கழிமுகத்துல ஆஸ்பத்திரி தொறந்துகீறீங்களா? மீனுக்கெல்லாம் ஊசி போட்டுக்கினு கீறீங்களா? கொழம்பு கொதிச்சா வூடு பூரா பினாயிலு. வாங்கறவ சொல்றா, வூட்ல யாருக்கானா வயித்து வலின்னா சொல்லியனுப்பறேன், அப்போ எட்டுத்துக்கினு வான்றா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். கடலுக்குப் போக அக்கா வீட்டு மாமாவுக்கு உடம்பு முடியாமல் போய் வருஷமாகியிருந்தது. கழிமுகத்து மீன்தான் அந்த வீட்டின் அடுப்பு. அந்தக் குப்பத்தில் பாதி வீட்டுக்கு அப்படித்தான். ஒருமுறை மீன் நாறிப்போச்சு என்று பேர் வந்துவிட்டால் அது எவ்வளவு காலம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நாலு நாள் கழித்து குப்பத்துப் பெண்கள் கூடையோடு கம்பெனி கேட்டுக்கு வந்தார்கள். மேனேஜர் வந்தார், கைக்குட்டையோடு. அக்கா ஒரு மீனைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எனக்கு ஒரு வாடையும் வரலையே" என்றார்.

"மூக்கை மூடிக்கினு வாடை வரலன்னா எப்டிய்யா வரும்? அந்தத் துணிய எட்டுத்துட்டு சொல்லு."

"எனக்குச் சளி."

"சளிக்குத்தான் எங்க மீனு. துன்னு, மருந்து உள்ளயே கீது."

கேட்டில் நின்ற வாட்ச்மேன்கூடச் சிரித்துவிட்டான். மேனேஜர் திரும்பி நடந்தார். போகிற வழியில் என்னிடம், "கருவாட்டு நாத்தத்துல பொறந்து வளர்ந்ததுங்க. அதுங்களுக்கு நாத்தம் எது, வாசனை எதுன்னு தெரியுமா?" என்றார். அதைச் சொன்னது அவளுடைய தம்பியிடம் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பார். எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் நம்புங்கள். கோபம் ஒரு மனுஷன்மேல் வருவது. செருப்பில் ஒட்டியதைப் பார்க்கும்போது வருகிற உணர்ச்சிக்கு வேறு பேர்.

முதலாளி வந்த அன்று நுரையைக் காட்டினார்கள். அவர் "ஓஹோ" என்றார். பிறகு சாப்பாடு. முதலாளிக்குக் கழிமுகத்து மடவை வறுவல் என்றால் உயிர் என்பது மேனேஜருக்கு மனப்பாடம். கேண்டீன் மாஸ்டர் முன்னாடியே அவரிடம் கெஞ்சினார்: "வேண்டாம் சார், காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கிடலாம்." மேனேஜர் கேட்கவில்லை. வாடை இல்லை என்று சொல்லிச் சொல்லி அந்தப் பொய்யை அவரே சாப்பிட்டிருந்தார், மீனைச் சாப்பிட மாட்டாரா? பரிமாற ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முதலாளி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மெல்லுவது நின்றது. இலை ஓரத்தில் துப்பினார். "என்னய்யா இது, ஆஸ்பத்திரித் தரையை நக்கின மாதிரி இருக்கு?"

மேனேஜர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஒரு கணம்தான். உடனே தன் இலையில் இருந்த மீனை எடுத்தார். "இல்லையே சார், ரொம்ப நல்லா இருக்கே" என்று சொல்லிச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. விடாமல் முள்ளை உறிஞ்சினார். முழு மீனையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, "கேண்டீன் எண்ணெய்தான் சார் பழசு" என்று மாஸ்டரை மாட்டிவிட்டார். நான் சாம்பார் வாளியோடு நின்று பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்த அந்தக் கம்பு, வாயில்லாத அந்த ஒன்றுகூட, கசப்பு என்று தெரிந்தால் திரும்பிக்கொள்ளும். இந்த ஆள் கசப்பை விழுங்கிவிட்டு இனிப்பு என்று சாட்சி சொல்கிறார். முதலாளி முகம் ஒன்றைத் தவிர உலகத்தில் வேறு எந்த ருசியும் அவருக்கு எட்டவில்லை.

முதலாளி காரில் ஏறும்போது கெமிஸ்ட் அம்மா ஓடிப்போய்ச் சொல்லப் பார்த்தார். "அந்தத் தொட்டியில என்னமோ பாகு ஊத்தறாங்களாமே, அது என்ன?" என்று மட்டும் முதலாளி கேட்டார். பதில் முடிவதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது. கார் போய்விட்டது. அந்த அம்மாவின் கண் கலங்கியது. ஆனால் படித்தவர் அல்லவா, அன்றைக்குக் கையில் கிடைத்ததை வைத்து மறுநாள் காலை வேலை செய்தார். மேனேஜர் அறை வாசலில் நின்று, "சார், முதலாளி கார்ல ஏறும்போது பாகு எதுக்குன்னு விசாரிச்சார்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். தொட்டிக்கு அவரே ஓடி வந்தார். "யார்டா இங்கே பீப்பாயை வச்சது? எடுங்கடா வெளியே! ஜீவனுங்களுக்குத் தித்திப்புக் குடுத்துக் கெடுக்காதீங்கன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிரித்திருந்தால் நிறுத்த முடிந்திருக்காது. பீப்பாய்களை லாரியில் ஏற்றினோம். குப்பத்துப் பெண்கள் வந்து கத்தியதற்கு அசையாத மனுஷன், மீன் நாறியதற்கு அசையாத மனுஷன், முதலாளி 'விசாரித்தார்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு முழுசாகத் திரும்பினார். அடுத்த வருஷம் பம்பாய் ஆபீசுக்குப் பதவி உயர்வோடு போனார். மாலை போட்டு அனுப்பினார்கள். இப்படிப்பட்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கைக்குட்டை மட்டும்தான் இல்லை, அறையிலேயே ஏ.சி. வந்துவிட்டது.

கிருமிகள் உடனே திரும்பிவிடவில்லை. உளியைச் செய்ய அவற்றுக்கு நேரம் வேண்டும். நுரை அடங்கி, தொட்டி பார்க்க அசிங்கமாக, பழுப்பாக ஆனது. கெமிஸ்ட் அம்மா தினமும் சோதித்தார். ஒருநாள், "அண்ணே, இப்போ சாப்பிடுதுங்க" என்று கண்ணாடிக் குடுவையைத் தூக்கிக் காட்டினார். இன்னும் சில வாரம் போனது. அக்கா ஆள் அனுப்பிக் கேட்டாள்: "இப்போ கூடைய தூக்கலாமா, வேணாமா? இன்னொரு தபா நாறிச்சுன்னா அப்புறம் ஒருத்தியும் எங்க பக்கம் திரும்ப மாட்டா."

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை. யாரிடமும் சொல்லாமல் கம்பெனிக்குப் பின்புறம் போனேன். எங்கள் தண்ணீர் கழிமுகத்தில் விழுகிற இடத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் ஒரு மடவை மாட்டியது. பம்ப் ஷெட்டில் டீ போடுகிற மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். மஞ்சள் இல்லை, புளி இல்லை, மிளகாய் இல்லை, உப்பு மட்டும் போட்டு வேகவைத்தேன். மூடியைத் திறந்து, ஆவியில் முகத்தைக் கொடுத்து மூச்சை இழுத்தேன். மீன் வாடை. மீன் வாடை மட்டும். தலை வரைக்கும் பிரித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சைக்கிளை முகத்துவாரக்குப்பத்துப் பக்கம் திருப்பினேன்.