கைவிரிக்கத் தெரியாத எங்கள் அக்கா

அக்காவின் முதலாமாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த அஞ்சலி மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். என்னை எழுதச் சொன்னவர் அக்காவின் கணவர், எங்கள் மாமா. "டாக்டரப் பத்தி டாக்டருங்க எழுதிடுவாங்க. உங்க அக்காவப் பத்தி நீ எழுது" என்றார். நான் வேங்கிக்காலில் மெடிக்கல் ஷாப் நடத்துபவன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது அடி அண்ணாமலையில். அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் மாறி மாறி வரும். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டார். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்து எங்கள் இருவரையும் வளர்த்தார். அக்காவுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியதும், மருத்துவக் கல்லூரி விடுதியில் பெட்டியோடு கொண்டுபோய் விட்டுவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறியதும் சின்னம்மாதான். அதற்குப் பிறகுதான் அவர் கல்யாணமாகி பெங்களூர் போனார்.

கூடப் படித்தவர்கள் மேற்படிப்பு, சென்னை, வெளிநாடு என்று போனார்கள். அக்கா ஊர்ப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். "ஏன்க்கா, உனக்கு மார்க்கு கம்மியா?" என்று நான் கிண்டல் செய்ததுண்டு. மார்க் நிறையவே இருந்தது. அப்பாவை விட்டுப் போக மனமில்லை என்பதுதான் நிஜம்.

அவருடைய வாழ்நாள் வேலைக்கு வித்திட்டது கிரிவலப் பாதைதான். ஒரு பௌர்ணமியன்று இலவச மருத்துவ முகாமில் அக்கா உட்கார்ந்திருந்தார். முட்டி வலி என்று வந்த ஒரு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வழியில் இருந்த முகாம்களில் எல்லாம் வாங்கிய வலி மாத்திரைகள் அதற்குள் இருந்தன. பாதியை விழுங்கியும் ஆகிவிட்டது. நிறம்தான் வேறு வேறு, மாத்திரை ஒன்றேதான்.

"ஏம்மா இவ்ளோ வாங்கினீங்க?"

"மலை சுத்தி வரப்ப குடுக்கறத வேணாம்னு சொல்லக் கூடாதும்மா."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தார் அக்கா. சாப்பிட உட்கார்ந்ததும், "அவங்க பிரசாதம் மாதிரி வாங்கறாங்கடா. நாங்களும் அதே மாதிரிதான் குடுக்கறோம்" என்றார்.

அதன்பின் தன்னிடம் வரும் பெரியவர்களிடம் முதல் கேள்வியே "வீட்ல இருக்கற மாத்திரை பை எங்க?" என்பதுதான். கவர் கவராகக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். முட்டி வலிக்கு ஒரு மாத்திரை. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், அதற்கு ஒன்று. அது காலை வீங்க வைக்கும், வீக்கம் வடிய இன்னொன்று. அது தலை சுற்ற வைக்கும், தலைசுற்றலுக்கும் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, எதற்கு ஆரம்பித்தார்கள் என்றே யாருக்கும் நினைவில்லாத கேஸ் மாத்திரை. அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, எது வேண்டும், எது வேண்டாம், எதை மெல்ல மெல்லத்தான் விட வேண்டும் என்று பிரித்துவைப்பார். "நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, என்கிட்ட வாங்க" என்று திட்டியும் அனுப்புவார். என் கடைக்கு வருகிறவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. "உன் கடைய மூடறதுக்கு வேற ஆள் வேணாம், உங்க அக்காவே போதும்" என்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்தான்.

அடி அண்ணாமலைப் பெரியப்பாவின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தலைசுற்றி விழுந்த பெரியப்பாவைப் பார்த்து, பையை அலசி, "இந்த மாத்திரையெல்லாம் இனிமே வேணாம் பெரியப்பா" என்று அக்கா சொல்லியனுப்பினார். கூடப் போன அவர் மகன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. நம் ஊரில் டாக்டர் மருந்து வேண்டாம் என்றால் ஒரே அர்த்தம்தானே. வெளியே வந்ததும் போனை எடுத்தார். "டாக்டர் கைவிரிச்சுட்டாங்க." சாயந்திரத்துக்குள் போளூரிலிருந்து ஒரு வேன், செங்கத்திலிருந்து ஒரு வேன். ஒருவர் தேரடித் தெருவில் ரோஜா மாலையே வாங்கிவந்துவிட்டார். பெரியப்பாவோ மோட்டார் கொட்டகையிலிருந்து வந்து, "இன்னாடா கும்பலு? யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் பாதையோரத்து லிங்கத்துக்குச் சாத்திவிட்டு எல்லோரும் சாப்பிட்டுப் போனார்கள்.

நாங்கள் சிரித்து ஓய்ந்தோம். அக்காவால் அப்படி விட முடியவில்லை. "எந்த மாத்திரைய நிறுத்தணும்னு படிச்சேன். நிறுத்திட்டேன்னு எப்படிச் சொல்றதுன்னு யாருமே சொல்லித் தரல" என்றார். அவருடைய ஆய்வு அங்கேதான் ஆரம்பித்தது. சுற்றுவட்டாரச் சுகாதார நிலையங்களில் போய் உட்கார்ந்து, டாக்டர் என்ன சொல்கிறார், நோயாளி என்ன புரிந்துகொள்கிறார் என்று வருடக்கணக்கில் கேட்டார். கடைசியில் ஒரு பேச்சு அவர் வாயில் நிலைத்தது.

"கொஞ்சம் கம்மி பண்ணிப் பாக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

இதைக் கேட்டவர்கள் பயப்படவில்லை. அக்கா அதைத் தன்னிடம் பயிற்சிக்கு வந்த மருத்துவ மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். கடைசி வரி ரொம்ப முக்கியம் என்பார். மருந்து போனாலும் டாக்டர் போகவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

அந்த வேலைக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். ஆய்வுக் கட்டுரைகள் சில வெளிவந்தன, சில திரும்பி வந்தன. இளம் டாக்டர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்ததை அடிக்க அவர்களுக்குக் கை வராது. மாவட்டம் முழுக்க எல்லா நிலையத்திலும் வாரத்தில் ஒரு நாள் மாத்திரைப் பைக்கென்று ஒதுக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. ஆரம்பித்த இடங்களிலும் ஆள் மாறியதும் நின்றுபோனது.

பிறகு அவருக்கே நோய் வந்தது. கணையத்தில் புற்றுநோய். தெரியும்போதே தாமதம். சென்னையில் வைத்தியம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பது என் பொறுப்பு. ஒருநாள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, "வலி மாத்திரை போதும்டா. மத்ததெல்லாம் வேணாம்" என்றார். என் முகம் மாறியதைக் கண்டிருப்பார் போல. உடனே சொன்னார்: "கம்மி பண்ணித்தானே பாக்கலாங்கறேன்? ரெண்டு வாரம் கழிச்சுப் பாப்போம். நான் எங்க போயிடப் போறேன், இங்கதான் இருப்பேன்."

அக்கா எல்லோருக்கும் சொல்வதுதானே என்று எனக்கு மனது லேசாகிவிட்டது. அன்று சின்னம்மா போன் செய்து, "நான் கெளம்பி வரட்டுமாடி?" என்று கேட்டபோதும், "ரெண்டு வாரம் கழிச்சு வா சின்னம்மா, எழுந்து உக்காந்து பேசலாம்" என்றார். சின்னம்மா அதற்கேற்றபடி டிக்கெட் எடுத்தார். விசாரித்த உங்கள் எல்லோருக்கும் நானும் அதையேதான் சொன்னேன். அந்த ரெண்டு வாரம் முடியவில்லை.

எடுப்பதற்குச் சற்று முன்னால்தான் சின்னம்மா வந்து சேர்ந்தார். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் கைவிரிச்சுட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனேடா" என்று கேட்டார். வீட்டில் இருந்த டாக்டர் அக்கா ஒருவர்தான். தெரிந்துதான் எங்களிடம் அப்படிச் சொன்னாரா, பழக்கத்தில் வாயில் வந்ததா என்று இந்த ஒரு வருடமாக நானும் மாமாவும் பேசிக்கொண்டிருக்கிறோம். முகம் பார்க்க முடியாமல் போன அத்தனை பேரிடமும் எங்கள் குடும்பம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறது.

கடைசி நாட்களில் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்ட செவிலியர் சகோதரிக்கும், கூடவே நின்ற அக்காவின் மாணவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், தள்ளாத வயதில் அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்து ரோஜா மாலை போட்ட பெரியப்பாவுக்கும் நாங்கள் பட்ட நன்றிக்கடன் சொல்லித் தீராது.

சின்னம்மா, உங்களிடம் நேரில் சொல்ல முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. போவதற்கு முந்தின நாள் காலையில் நான் மாத்திரைப் பெட்டியைத் திறந்ததும், அக்கா என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் மெல்ல விரித்தார். பேசத் தெம்பில்லை. மாத்திரை கேட்கிறார் என்று நினைத்து, அவர் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்த சத்து மாத்திரையில் ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அந்த மாத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சைகையால் ஒரு வாய் தண்ணீர் கேட்டு, எனக்காக அதை விழுங்கினார்.