மச்சானுக்கு வாங்கிய ராடு

தூண்டில் ராடு வாங்குவதற்கு முன் என்னிடம் யோசனை கேட்பவர்கள் உண்டு. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன். ஓய்வுக்குப் பிறகு மீன்பிடிக்கப் பழகியவன். இரண்டும் சேர்ந்து எனக்கு அப்படியொரு மரியாதையைத் தேடித் தந்துவிட்டன. கேட்டால் நானும் தயங்காமல் சொல்வேன். விலை கூடுதல் என்பதாலேயே நல்ல ராடு என்று நினைக்காதீர்கள். வெறும் ராடைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரீலை மாட்டிவிட்டுத் தூக்குங்கள். ரீலுக்குச் சற்று மேலே ஒரு விரலைக் கொடுத்தால் ராடு சாயாமல் படுக்கையாக நிற்க வேண்டும். நுனி கீழே இறங்கினால் அந்த இறக்கத்தை நாள் முழுக்க உங்கள் மணிக்கட்டுதான் தாங்க வேண்டியிருக்கும். கையில் எடுத்ததும் சுகமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். கடைக்காரரோடு ஊர்க்கதை பேசியபடி, கை அலுக்கிறதா இல்லையா என்று தெரியும்வரை பிடித்துக்கொண்டே நில்லுங்கள்.

எல்லாம் சரியான யோசனைகள்தாம். இவை அத்தனையையும் பின்பற்றி ஒருவருக்கு ஏற்ற ராடை நான் தேர்ந்தெடுத்தேன். பிறகு அதை அவருக்குக் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன்.

அவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். மோகனூரில் கரும்பும் வாழையும் வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் ரிக் வண்டி ஓட்டி வடநாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு போட்டுத் திரிந்தவர். நான் இருப்பது சேலத்தில், சூரமங்கலத்தில். ஓய்வுபெற்ற புதிதில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த என்னை ஆற்றுக்கு இழுத்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். காவிரிக் கரையில் புங்கமரத்தடியில் இருவரும் உட்காருவோம். மீன் கடிக்காத நாளில் நான் தண்ணீரின் போக்கைப் பற்றி ஏதாவது விளக்க ஆரம்பிப்பேன். "மாப்பிள்ளைங்க, மீனுக்குப் பாடம் நடத்தாதீங்க. அதுகளும் தூங்கிப்போயிரும்" என்பார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பெண் கொடுத்த வீட்டிலிருந்து எதையும் இனாமாக வாங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது பலருக்கு அது வெறும் பேச்சு. மச்சானுக்கு அப்படியில்லை. எங்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு அவர் வந்ததே கிடையாது. ஒருமுறை என் மனைவி ஒரு டப்பா நிறைய முறுக்கு கொடுத்தனுப்பினாள். அடுத்த வாரம் அந்த டப்பா நிறைய நெய் திரும்பி வந்தது. தங்கைக்கு அள்ளிக் கொடுப்பார். தங்கை வீட்டிலிருந்து எதுவும் எடுக்க மாட்டார்.

போன வருடம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம் அவருக்கு வாதம் வந்தது. வலது காலும் வலது கையும் விழுந்துவிட்டன. நாமக்கல்லில் வைத்தியம் பார்த்தார்கள். கால் ஓரளவு திரும்பியது. கை மட்டும் துவண்டே கிடந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் தெளிவாகச் சொன்னார்: "ஐயாவுக்குப் பிடிச்ச வேலை எதுவோ அதை இந்தக் கையால செய்யட்டும். முதல் சில மாசம்தான் முக்கியம். இப்ப விட்டுட்டா அப்புறம் கெஞ்சினாலும் கை வராது."

"எனக்குப் புடிச்ச வேலை ஆத்தோரத்துல சும்மா உக்காந்திருக்கறதுதாங்க" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தோம். அன்று நான் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளைங்க, கைக்கு நோவாத மாதிரி ஒரு ராடு பாருங்க. ரொம்ப வெலைக்குப் போவாதீங்க. காசு மட்டும் இப்பவே வாங்கிக்கோணும். இல்லாட்டி நான் அதைத் தொட மாட்டனுங்க." சொல்லிக்கொண்டே இடது கையால் என் சட்டைப் பையில் பணத்தைத் திணித்தார்.

சேலத்தில் மீன்தொட்டியும் தூண்டில் சாமான்களும் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். அன்று காலை நான் செய்த வேலையில் ஒரு குறையும் கிடையாது. வலுவில்லாத கை எப்படிப் பிடிக்கும் என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு ராடையும் கட்டைவிரல், இன்னும் இரண்டு விரல்களால் மட்டும் பிடித்துப் பார்த்தேன். மெல்லிய பிடி விரலுக்கு இறுக்கமாக இருந்தது. தடித்த பிடி நழுவியது. நீளமானவை எல்லாம் நுனியில் கனத்தன. கடைக்காரர் பொறுமையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஏனுங்க சார், ராடு வாங்கறீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?" என்றார்.

கடைசியாகக் கிடைத்தது கறுப்பு நிறத்தில் ஒரு குட்டை ராடு. கார்பன் கலந்தது. பிடியில் நுரைபோல மெத்தென்ற உறை. ரீலை மாட்டி ஒரு விரலில் வைத்தேன். தராசு முள் மாதிரி நின்றது. விலையும் மச்சான் கொடுத்த பணத்துக்குள் அடங்கியது. மிச்சத்துக்குத் தூண்டில் நரம்பும் முள்ளும் வாங்கினேன்.

கொடுப்பதற்கு முன் வீசிப் பார்த்துவிடலாம் என்று மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். நரம்பின் நுனியில் ஈயக் குண்டைக் கட்டி வீசினேன். எனக்கு வலது தோளில் வெகுநாளாக வலி. ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போய்வந்தால் புதன்கிழமை வரை அந்தக் கையால் தலை சீவ முடியாது. அன்று மறுபடி மறுபடி வீசியும் தோள் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை. என்னுடைய ராடு போன மாதம்தான் மூட்டில் விரிசல் விட்டிருந்தது. இன்னொன்று வாங்க என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. அதே கடையில் அதே மாதிரி ஒன்று கேட்டிருக்கலாம். அந்த வகையில் அது ஒன்றுதான் இருந்தது, அடுத்த சரக்கு வரச் சில வாரம் ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்தச் சில வாரங்கள் எனக்குப் பொறுக்கவில்லை.

பரணில் இன்னொரு ராடு கிடந்தது. பெரிய மீன் பிடிக்கப்போகிறேன் என்ற வீறாப்பில் முன்பு வாங்கிய நீள ராடு. ஒரே நாளில் தோளை முறித்துவிட்டதால் மேலே போட்டுவிட்டேன். தப்பாக வாங்கியதைச் சொல்ல வெட்கப்பட்டு மச்சானிடம் அதைக் காட்டியதே இல்லை. இறக்கித் துடைத்தேன். பிடிக்குப் புது டேப் சுற்றினேன். இந்தக் குட்டை ராடைவிட அது விலை கூடியது; அதனால் மச்சானுக்கு லாபம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நுனி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, மணிக்கட்டில் விழும் சுமையும் அவ்வளவு கூடும் என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

என் மனைவியிடம், அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இரண்டு ராடு வாங்கினேன் என்று சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானைக் காரில் கரைவரை கொண்டுவந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். என் ராடு உடைந்துவிட்டது, இன்றைக்கு வெறும் துணைக்கு வந்தேன் என்றேன். அவர் நீள ராடை வாங்கிப் பார்த்தார்.

"என்னங்க இது, ஒலக்கையாட்ட இருக்குது?"

"நல்ல ராடுங்க மச்சான். கொஞ்சம் பழகோணும்" என்றேன்.

அவர் பழகப் பார்த்தார். வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கிப் பிடியைச் சுற்றி வைத்தார். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டார். அப்படியும் நுனி இறங்கி இறங்கித் தண்ணீரைத் தொட்டது. நெற்றியில் வியர்வை ஓடியது. வெயில் ஏறும் நேரத்தில் தக்கை ஒரு வெட்டு வெட்டி உள்ளே போனது. "மச்சான், தூக்குங்க!" என்று கத்தினேன். அவர் உடம்பு முழுவதையும் பின்னுக்குச் சாய்த்தார். ராடு எழவில்லை. விரல்கள் விரிந்துவிட்டன. ராடு கையிலிருந்து நழுவிக் கற்களில் விழுந்தது. ஜிலேபி மீன் ஒன்று மேலே புரண்டு காட்டிவிட்டுப் போனது.

அவர் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"கை போச்சுங்க மாப்பிள்ளை. ஆயிரம் அடிக்குக் கீழ இருந்து தண்ணி எடுத்தவன். ஒரு ஜிலேபிய எடுக்க முடியல."

ராடு கனம், உங்கள் கை அல்ல என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். "போகப் போகச் செரியாயிருங்க" என்றேன். ராடை எடுத்துக்கொண்டது பேராசை. அந்தப் பதிலுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதன்பின் அவர் ஆற்றுக்கு வரவில்லை. நானும் மோகனூர் போவதைக் குறைத்துக்கொண்டேன். சேலத்துக்கு வெளியே ஒரு ஏரியில், தெரிந்தவர்கள் வராத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து, குட்டை ராடால் மீன் பிடித்தேன். சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகத்தை நான் அனுபவித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கோடை போய் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. ஒருநாள் போன் பேசிவிட்டு வந்த என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் பயிற்சிக்காரரையும் வர வேண்டாம்னு சொல்லிருச்சாம். செத்த கைக்கு எதுக்குத் தண்டச் செலவுங்குதாம். சோறுகூட நங்கைதான் ஊட்டி விடறாங்களாம். நீங்களாவது போய் நாலு வார்த்தை சொல்லுங்களேன்." நங்கை என்று அவள் சொன்னது அண்ணன் மனைவியை.

நான் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லப் போனேன் என்று எழுத ஆசை. அப்படிப் போகவில்லை. சொல்லாமலேயே சரிசெய்துவிடப் போனேன். குட்டை ராடை எடுத்துக்கொண்டு மோகனூர் போனேன். வாசலில் முருங்கைமரத்தில் நீள ராடு சாத்தியிருந்தது. அதன் நுனியில் கொக்கி கட்டிக் காய் பறித்து வந்திருக்கிறார்கள்.

மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

"இதைக் கொஞ்சம் புடிச்சுப் பாருங்க மச்சான். புதுசு. நம்ம ஊட்டுல சும்மா கெடக்குது. நீங்க வெச்சுக்குங்க."

அவர் ராடைப் பார்க்கவே இல்லை. "எதுக்குங்க? ஒண்ணுதான் வாங்கிக் குடுத்தீங்களே."

"இது என்னோட அன்பளிப்புங்க."

"பொண்ணு குடுத்த ஊட்டுச் சாமானத்துக்கு நான் எப்பங்க கை நீட்டியிருக்கேன்? இப்ப நீட்டறதுக்குக் கையும் இல்லை." அவர் சொன்னதில் அவருக்கே சிரிப்பு வந்தது.

"அப்படின்னா காசு குடுத்துட்டு வாங்கிக்குங்க."

"வேலைக்கு ஆவாத கைக்கு ரெண்டாவது ராடுக்கும் அழுவச் சொல்றீங்களா? நல்ல மாப்பிள்ளைங்க நீங்க."

இனாமாக வாங்க மாட்டார். விலைக்கும் வாங்க மாட்டார். அந்த ராடு அவர் கைக்குப் போக ஒரே வழிதான் மிச்சமிருந்தது. மச்சான் மனைவி காபி கொண்டுவந்து நின்றார். அவர் உள்ளே போகட்டும் என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை.

"இது உங்க ராடுங்க மச்சான்" என்றேன். "உங்க காசுல வாங்குனது. எனக்கு ஆசையா இருந்துச்சு, எடுத்து வெச்சுக்கிட்டேன். உங்களுக்குக் குடுத்தது என் பரண்ல கெடந்த ராடு. அதை என்னாலயே புடிக்க முடியாதுங்க."

மச்சான் இடது கையை நீட்டி ராடை வாங்கினார். வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடியில் மடக்கினார். சுண்டுவிரலும் அடுத்த விரலும் மடங்கவில்லை, மற்றவை பற்றிக்கொண்டன. இடது கையை எடுத்தார். நுனி ஆடியது, இறங்கவில்லை. அவர் தன் மனைவியைப் பார்த்தார்.

"அப்ப கை சாவலியா?"

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கணம் நான் அங்கே இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. குழந்தை மாதிரி ராடை மேலே தூக்கித் தூக்கிப் பார்த்தார். அவர் மனைவி காபியைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்தக் கையை மாதக்கணக்கில் அவர்தான் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சிக்குத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க."

"நீங்களே சொல்லிருங்க. என் வாயால வேண்டாம்." பிறகு வாசலைக் காட்டினார். "அந்த ஒலக்கையையும் கொண்டு போயிருங்க. அது உங்க ஊட்டுப் பொருளு."

கொக்கியை அவிழ்த்து அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் அதைச் சாய்க்கவும் முடியவில்லை, படுக்கப் போடவும் முடியவில்லை. "பெருசு, கொடிக்கம்பத்தை எங்க நடப் போறீங்க?" என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. சேலம் வரை அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

என் மனைவி முழுவதையும் கேட்டாள். நான் எதிர்பார்த்த எதையும் சொல்லவில்லை. "உங்களுக்கு அது வேணும்னு எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அண்ணனே எடுத்துக் குடுத்திருக்குமே" என்றாள். எழுந்து போய்விட்டாள். அது உண்மை. தங்கை வீட்டுக்குக் கொடுக்க அவர் யோசித்ததே இல்லை. கேட்டால் கிடைத்திருக்கும் பொருளைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

பயிற்சிக்காரர் மறுபடி வந்தார். ஏன் இத்தனை நாள் விட்டீர்கள் என்று கோபித்துக்கொண்டாராம். மச்சான் காரணம் சொல்லவில்லை. இப்போது அவரே சோறு பிசைந்து சாப்பிடுகிறார். சுண்டுவிரலும் அடுத்த விரலும் மட்டும் இன்னும் மடங்கவில்லை. இனி மடங்காது என்கிறார்கள். விட்ட மாதங்களில் அவை வந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மடங்காத இரண்டு விரல்களையும் ஒரு துணிக்கிழிசலால் பிடியோடு கட்டியிருந்தார். வாங்க என்றார், அவ்வளவுதான். நான் நீள ராடை வீசிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதன்பின் வேறு ராடு நான் வாங்கவில்லை. வெயில் ஏறியதும் தோள் கடுக்க ஆரம்பித்தது. கையை மாற்றினேன். மச்சான் தன் தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"நுனி சாயுதுங்க."

"ஆமாங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு ராடைத் தூக்கிப் பிடித்தேன்.