தங்கச்சிக்குச் சொன்ன ‘ஆன் ஹோல்ட்’

மலையில், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிறேன். பாடத்தில் ‘புட் ஆன் ஹோல்ட்’ வந்துவிட்டால் அங்கே நிற்க மாட்டேன். “ஒரேயடியா விட்டுடறது இல்ல. கொஞ்ச நாள் நிறுத்தி வெக்கிறது. ஜீப்பு ஏத்தத்துல சூடாகி நின்னு, தண்ணி ஊத்துனதும் கிளம்புதே, அந்த மாதிரி” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடுவேன்.

அதை நான் முதலில் பிரயோகித்தது என் தங்கச்சியிடம். வேலூரில் அவளுக்கு நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. சேர வேண்டிய நாளோ எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு நடுவில் வந்து விழுந்தது. அப்பா இல்லாத வீடு, காப்பு என் கையில். காப்புக் கட்டியவன் விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவள் தாண்டலாம். மாமாவோடு ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். காப்புக் கட்டிய வீட்டுப் பெண்ணை விழா நடுவில் வெளியூர் அனுப்பிவிட்டான் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று பயந்தேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

கல்லூரிக்குப் போன் போட்டேன். “நாளைக்கு வரலைன்னா சீட்டு அடுத்தவங்களுக்குப் போயிடும் சார்” என்று பட்டென்று வைத்துவிட்டார்கள்.

அடுப்படியில் சாமை களைந்துகொண்டிருந்த தங்கச்சி நிமிர்ந்தாள். “இன்னாண்ணா சொன்னாங்க?”

“ஆன் ஹோல்டுல வெச்சிருக்காங்க.”

“அப்டின்னா?”

“நிறுத்தி வெச்சிருக்காங்க. அடுத்த வருசம் போய்க்கலாம்.”

அவள் முகம் அப்படியே தெளிந்தது. அடப்பாவி, அந்த முகத்தைப் பார்த்த பிறகாவது உண்மை வாயில் வந்திருக்க வேண்டாமா எனக்கு!

அடுத்த வருடம் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றேன். அதற்கடுத்த வருடம் புளி காய்க்கவில்லை, கையில் காசில்லை என்றேன். மூன்றாம் வருடம் ஒடுகத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. அதன் பிறகு அவள் சீட்டைப் பற்றிக் கேட்கவேயில்லை.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போனபோது மனசு கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

“இல்லன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதுட்டு வேற எதனா படிச்சிருப்பேன்ணா” என்றாள். “நீ கூப்புடுவ கூப்புடுவன்னு மூணு வருசம் துணியெல்லாம் மடிச்சு பெட்டிலயே வெச்சிருந்தேன். அந்தப் பெட்டியத்தான் அப்டியே தூக்கிக்கினு இந்த வூட்டுக்கு வந்தேன்.”