அலை அடிக்காத இடம்

என் ஓரகத்தி லோகநாயகி இந்த உலகத்தில் பயப்படாத ஒன்று உண்டென்றால் அது விமானம்தான். அவள் பொழிச்சலூரில் பிறந்து வளர்ந்தவள். மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருக்கும்போது தலைக்கு மேலே வயிறு தெரிய விமானம் இறங்குமாம். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாளாம். மற்ற எல்லாவற்றுக்கும் பயம். கேஸை அணைத்தோமா இல்லையா என்று பார்க்க, தாம்பரம் ஸ்டேஷன் வாசல்வரை போன ஆட்டோவைத் திருப்பியிருக்கிறாள். லிப்டில் ஏற மாட்டாள். கிளம்பும் நேரத்தில் பல்லி சொன்னால் அன்றைக்குப் பயணம் கிடையாது. தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குடத்துக்குள் அடங்குகிற தண்ணீரைத்தான் அவள் நம்புவாள்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து செம்பாக்கத்தில், ஏரியைச் சொந்தக்காரன் மாதிரி பேசுகிற ஒரு குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி என் கணவரின் அண்ணன். நான் அவரை மாமா என்றும் அவளை அக்கா என்றும் கூப்பிடுவேன். இவர்கள் அப்பா காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் இப்போது வாடகை வீடுகள். மெயின் ரோட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரு சிமெண்ட், பைப் கடை. ஏரியும் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, கால் வைத்தால் சொறி பிடிக்கும். ஆனாலும் மாமா தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னும் அந்த ஏரியில்தான் நிற்பார். "மதகுகிட்ட சுழிக்கும், தண்ணி வழியிற கலங்கல்ல இழுக்கும். அலையாம நிக்கிற தண்ணி இருக்கு பாரு, அதுதான் நம்ம தண்ணி" என்பார். சிறு வயதில் அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது. ஏரிக்கு அது சரியாகவே இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அவர் இத்தனை வயசு இருந்திருப்பாரா?

மார்கழி பிறந்தால் மாமாவைப் பிடிக்க முடியாது. நம் ஊர்க் குளிர் என்ன குளிர், மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தால் போதும். அதற்கே குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேனின் ஹாரனை அடிக்க ஆரம்பித்துவிடுவார். கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு எங்களை ஏற்றிக்கொள்வார். முதலில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், பிறகு கடல். இதுதான் மார்கழி, தை இரண்டு மாதமும் எங்கள் வழக்கம். மனுஷன் சந்தோஷமாக இருக்கத் தெரிந்தவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூட இருக்கிறவளின் பயம் மட்டும் அவர் கண்ணில் படாது.

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கிளம்பினோம். மாமா, அக்கா, அவர்கள் மகள் வினிதா, நான். வினிதா படிப்பை முடித்துவிட்டுத் துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரே பெண். ஏரியில் இறங்க முடியாத காலம் என்பதால் மேடவாக்கத்தில் ஒரு நீச்சல் குளத்தில் அவளைச் சேர்த்து, கூடவே நின்று நீந்தக் கற்றுக்கொடுத்தவர் மாமா. அவள் கற்றுக்கொண்ட மூன்று மாதமும் அக்கா வீட்டில் விளக்கேற்றிவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

பள்ளிக்கரணையில் ரோட்டோரமாக வண்டியை நிறுத்தினோம். பனி இன்னும் கலையவில்லை. தண்ணீரின் நடுவில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. அந்த வெளிறிய ரோஜா நிறத்தைப் பார்த்தால் குப்பைமேட்டு நாற்றம்கூட மறந்துபோகும். வினிதா போனில் படம் எடுத்துத் தள்ளினாள். கூழைக்கடா ஒன்று தண்ணீரில் இறங்கியதும் மாமா கைதட்டினார். அக்கா மட்டும் பறவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உரசிப் போகும் லாரிகளை எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டு, மகளின் துப்பட்டா நுனியைக் கையில் சுற்றி வைத்திருந்தாள்.

"அம்மா, பறவையப் பாரும்மா."

"நீ பாரு. நான் உன்னப் பாக்குறேன்."

அங்கிருந்து சோழிங்கநல்லூர் வழியாகப் போய், கடற்கரைச் சாலையில் உத்தண்டி தாண்டி ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டி இறங்கினோம். வெயில் இதமாக இருந்தது. ஈர மணலில் நண்டுகள் வளைக்கும் வெளிக்குமாக ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச தூரத்தில் ஒரு கடலாமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. அந்த மாதங்களில் முட்டையிட வரும் ஆமைகள் வலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாகும். அக்கா அதைப் பார்த்த மாத்திரத்தில் நின்றுவிட்டாள்.

"ஏங்க, நீஞ்சத் தெரிஞ்ச ஆமையே செத்துக் கெடக்குது. இன்னைக்கு எறங்க வேணாங்க."

"உனக்கு ஒரு சாக்கு கெடைச்சா போதும்" என்று மாமா சிரித்துவிட்டு பேண்ட்டை மடித்துவிட்டார்.

பத்து இருபது பேர் அலை உடைகிற இடத்தில் நின்று ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா அந்தப் பக்கம் போகவில்லை. கரையோரமாக நடந்து பார்த்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அசையாமல் கிடந்தது. கொஞ்சம் கலங்கல் நிறம், மற்றபடி எண்ணெய் ஊற்றியது போல அமைதி.

"வினி, இங்க வா. அங்க எதுக்கு அலையில அடி வாங்கணும்? இது நம்ம ஏரி மாதிரி இருக்கு பாரு."

அக்கா கரையில் நின்று வழக்கமான பாட்டை ஆரம்பித்தாள். "போதுங்க, கரைக்கு வாங்க. வினி, கரைக்கு வாடி." எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் இதைத்தான் கத்துவாள். நாங்கள் யாரும் காதில் வாங்குவதில்லை. நான் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு பேரும் தூரத்தில் இருந்தார்கள். நீந்திப் போன மாதிரி தெரியவில்லை. முகம் கரையைப் பார்த்திருந்தது, கை கரையை நோக்கித்தான் அடித்தது, ஆனால் அவர்கள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்கள். மாமா இன்னும் தள்ளி இருந்தார். வினிதா கொஞ்சம் இந்தப் பக்கம். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பொட்டலத்தைக் கீழே போட்டேன். எழுந்திருக்க முயன்றேன், முடியவில்லை. வாயில் இருந்த சுண்டலை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அக்கா ஓடினாள். ஊரே கேட்கக் கூச்சல் போடுவாள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். ஒரு சத்தமும் இல்லை. படகு நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் பெயர் அப்பாதுரை என்று பிறகுதான் தெரிந்தது. கடலை ஒரு பார்வை பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"யம்மா, அங்க இன்னாத்துக்கு எறங்குனாங்க? அல ஒடையாத எடந்தான் உள்ள இஸ்துகினு போறது! வர்ற தண்ணியெல்லாம் அது வழியாத்தான் திரும்பிப் போவும்."

"காப்பாத்துங்கண்ணா."

"ரெண்டு பேருமே நேரா கரைக்கு நீஞ்சிக்கினு கீறாங்க. அப்டி நீஞ்சுனா ஒடம்புல தெம்பு போய்டும், அவ்ளோதான். பக்கத்துல போவச் சொல்லு. வடக்கால. கரைய வுட்டுட்டு வடக்கால நீஞ்சுனா அல ஒடையிற எடம் வரும், அதுவே தள்ளி வுட்டுடும்." பேசிக்கொண்டே படகுக்குள் கிடந்த லாரி டியூபை இழுத்தார். "பசங்க எல்லாம் கடலுக்குப் போய்க்கீறானுங்க. ஒரு டியூபு, ஒரு ஆளு. யாராண்ட மொதல்ல போவட்டும்? சீக்கிரம் சொல்லு."

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதை என்றைக்கும் மறக்க மாட்டேன். ஒரே பெண். பெற்ற வயிறு. நான் என் மனசுக்குள் "வினிதா, வினிதா" என்று கத்திக்கொண்டிருந்தேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அக்கா கையைத் தூக்கினாள். விரல் மகளைத் தாண்டி, தூரத்தில் இருந்த தலையைக் காட்டியது.

"அவர்கிட்ட."

"அக்கா!" என்று அலறினேன். "பொண்ணுக்கா!"

அவள் திரும்பவில்லை. அப்பாதுரை டியூபோடு பாய்ந்துவிட்டார். அவரை அந்தத் தண்ணீரே இழுத்துக்கொண்டு போனது. நேராக வினிதாவை நோக்கிப் போவது போலத் தெரிந்தது. வினிதா ஒரு கையைத் தூக்கினாள். டியூப் அவளுக்குப் பக்கத்தில் வந்தது. அவர் என்னவோ கத்தினார். டியூப் அவளைத் தாண்டிப் போய்விட்டது. தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு ஓர் அலை மேடு குறுக்கே வந்து அவளை மறைத்தது.

மறுபடி தலை தெரிந்தபோது அவள் கரையைத்தான் பார்த்தாள். அம்மாவைப் பார்த்து நேராக நீந்த ஆரம்பித்தாள். குழந்தை விழுந்து எழுந்தால் யாரிடம் ஓடி வரும்?

அக்கா தண்ணீரில் இறங்கினாள். கணுக்காலைக்கூட நனைத்துப் பார்க்காதவள், முழங்காலுக்கு மேல் புடவை நனைய நின்றாள். அந்தக் குரல் அவளிடமிருந்து வந்தது என்று நம்பவே முடியவில்லை.

"வராத! வினி, என்கிட்ட வராத! அந்தப் பக்கம் போ! போடி! போ!"

கடைக்குக் கிளம்புகிறவரிடம்கூட "போயிட்டு வாங்க" என்று வரவையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிற வீடு எங்களுடையது. அந்த வீட்டுக்காரி கடலில் தவிக்கிற மகளைப் பார்த்துப் "போ, போ" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கத்திக்கொண்டே முந்தானையை அவிழ்த்துச் சுழற்றி வடக்குப் பக்கம் காட்டினாள். காட்டிக்கொண்டே தண்ணீருக்குள் வடக்கு நோக்கி ஓடினாள். விழுந்தாள். எழுந்து மறுபடி ஓடினாள். நானும் ஓடினேன், எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

வினிதா தயங்கினாள். அந்தத் தயக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. தண்ணீரில் ஒரே இடத்தில் மிதந்துகொண்டு அம்மாவையே பார்த்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வடக்கே கையை வீசினாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. அவள் தலை தெரியும், மறையும். நான் எந்தெந்த சாமியையோ கூப்பிட்டேன், திருநீர்மலை பெருமாளுக்கு மொட்டை போடுவதாகச் சொன்னேன், யாருக்கு மொட்டை என்றுகூட யோசிக்கவில்லை. கடைசியில் வெள்ளையாக ஓர் அலை எழும்பி, அவளைச் சுருட்டி, எங்கள் காலடிக்குக் கொஞ்சம் முன்னால் போட்டுவிட்டுப் போனது. அக்கா அவள் கூந்தலைப் பிடித்து மணலுக்கு இழுத்தாள். இழுத்துப் போட்டுவிட்டு முதுகில் பளார் பளார் என்று நாலு அடி வைத்தாள். தண்ணீர் வெளியே வரவா, கோபத்திலா என்று எனக்குத் தெரியவில்லை.

மாமாவை அப்பாதுரை சுற்றி வளைத்துக்கொண்டு வந்தார். டியூபுக்குள் தலை தொங்கிக் கிடந்தது. உயிர் இருந்தது. கரையில் போட்டதும் உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தார். "இன்னும் கொஞ்ச நேரம் வுட்ருந்தா அவுட்டு. கத்தக் கத்த நேராத்தான் நீஞ்சிக்கினு கீறாரு, இன்னா மனுசன்யா" என்று அப்பாதுரை திட்டினார். அக்கா அவர் காலில் விழப்போனாள். அவர் பதறிப் பின்வாங்கிவிட்டார்.

பக்கத்தில் இருந்த மருத்துவமனையில் காட்டிவிட்டு, பிற்பகலில் வண்டியை நான் ஓட்டினேன். மாமாவின் கை ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற நிலையில் இல்லை. முன்சீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் தாயும் மகளும். ஓ.எம்.ஆர். சிக்னலில் நின்றபோது வினிதா மெல்ல வாயைத் திறந்தாள்.

"அம்மா, அந்த அண்ணன் என்கிட்டதான் வராருன்னு நெனச்சேன். கையத் தூக்கினேன். என்னைத் தாண்டிப் போயிட்டாரு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா திரும்பினார். விஷயம் அவருக்கு அப்போதுதான் எட்டியது.

"நீயா அனுப்பின? ஏன்டி, உனக்குப் புத்தி இருக்கா? பெத்த பொண்ண விட்டுட்டு என்கிட்ட எதுக்குடி அனுப்பின?"

"அவ நான் சொன்னா கேப்பா" என்றாள் அக்கா. "நீங்க என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு இல்லை, வாங்கிட்டு வாங்க என்கிற குரலில்தான் சொன்னாள். மாமா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் திரும்பினார். நான் பச்சை விழுந்ததைக் கவனிக்காமல் பின்னால் வந்தவரிடம் திட்டு வாங்கினேன்.

கொஞ்ச தூரம் போனதும் வினிதா கேட்டாள்: "நான் கேக்காம நேரா உன்கிட்டயே வந்திருந்தா?"

கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். கடற்கரையில் கலங்காத முகம் இப்போதுதான் கலங்கியது. உதடு கோணியது. மகளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கேப்பேன்னு தெரியும்டி, நீ கேப்பேன்னு எனக்குத் தெரியும்" என்றாள். நிறுத்தவில்லை. அதையே மேடவாக்கம் வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவள் குரலில் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. வினிதா கையை விடுவித்துக்கொள்ளாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.