வலது பக்கம் கீழே

பெண் பார்க்க வருகிறார்கள் என்று என் சிநேகிதி சொன்னதும் என் பச்சைப் பட்டுப் புடவையை நானே பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தீபாவளிக்கு அம்மா எடுத்துத் தந்தது. நான்கூட அதை இன்னும் கட்டியிருக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம மேட்ச் இருக்குதே, எப்படிடி சமாளிப்பீங்க?" என்று அவள்தான் வருத்தப்பட்டாள்.

"நீ போய் மாப்ளைய பாரு. நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

செஞ்சியில் நாங்கள் ஏழு பெண்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தோம். ஐந்து பேர் இறங்கி ஆடும் ஆட்டம், இரண்டு பேர் வெளியே நிற்பார்கள். பள்ளிக்கூட கிரவுண்டில் விடிந்ததும் கூடுவோம். வெயில் முதலில் ராஜகிரி மலை உச்சியில் விழும். அது இறங்கி எங்கள் மேல் படுவதற்குள் ஆடி முடித்துவிட்டு வேலைக்கு ஓடுவோம். எனக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. பின்னால் நின்று தடுக்கும் அக்காவுக்குத் தையல் கடை. எங்களில் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர் அவர் ஒருவர்தான்.

அவளைத் தவிர எங்களில் யாரும் முறையாகக் கற்றவர்கள் இல்லை. அவள் கல்லூரி டீமில் ஆடியவள். யார் எங்கே நிற்க வேண்டும், பந்து வந்தால் காலை எப்படித் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து என் சிநேகிதி. என்னை கோல்கீப்பராக நிறுத்தியதும் அவள்தான்.

அந்த மேட்சுக்கு முந்தைய வருஷம் கோட்டைக்குப் போகும் ரோட்டில் ஜல்லியில் ஸ்கூட்டி வழுக்கி, வலது தோள்பட்டை எலும்பு உடைந்துபோனது. எலும்பு கூடிவிட்டது. பயம்தான் போகவில்லை. இடது பக்கம் வரும் பந்துக்கு யோசிக்காமல் பாய்வேன். வலது பக்கம் கீழே வந்தால் உடம்பு ஒரு நொடி மறுத்துவிடும். வீட்டில்கூட இதைச் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் ஒரு நாள் அழுதுகொண்டே சொன்னேன். அவள் என் தோளைத் தடவிக்கொடுத்து, "வெளிய சொல்லாத. தெரிஞ்சா எல்லாரும் அங்கயே அடிப்பாளுங்க. என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்கு பஸ் ஏறினோம். வலை கட்டி, பச்சையாகச் செயற்கைப் புல் விரித்த மைதானம். மண்ணில் ஆடிப் பழகிய எங்களுக்கு அதில் கால் வைக்கவே ஆசையாக இருந்தது. எதிர் டீம் வந்து வரிசையாக நின்றது. கடைசியாக ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவள்தான். மஞ்சள் பனியன் போட்டு, முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

என் மண்டைக்கு ஒன்றுமே எட்டவில்லை. பெண் பார்க்கிற நிகழ்ச்சி தள்ளிப்போயிருக்கும், எங்களுக்காக ஓடி வந்திருப்பாள், பனியனை மாற்றிப் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. கையை ஆட்டினேன். அவள் குனிந்து இன்னொரு லேஸைக் கட்டினாள்.

"இன்னாடி இது?" என்றார் அக்கா, என் பக்கம் திரும்பி. "உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன். விசில் ஊதிவிட்டார்கள்.

முதல் கோல் வலது பக்கம் கீழே வந்தது. தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவது பந்தை அடிக்க அவர்களில் ஒரு குள்ளமான பெண் காலைத் தூக்கும்போது, பின்னாலிருந்து என் சிநேகிதியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கீழ அடி! அவளுக்கு வலது பக்கம் கீழ!"

தோள் உடைந்தபோதுகூட அப்படி வலிக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை பந்து எந்தப் பக்கம் போனது என்று நான் பார்த்ததாகவே ஞாபகமில்லை. ஒன்பது கோல் வாங்கினோம். நாங்கள் ஒன்றுகூடப் போடவில்லை. முடிந்ததும் இரண்டு டீமிலும் எல்லோரும் கை கொடுத்துக்கொண்டார்கள். நான் கையுறையைக் கழற்றுவதுபோலக் குனிந்தே இருந்தேன். மஞ்சள் பனியன்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "வேற டீமுக்குப் போறேன்னு சொல்லியிருந்தா நாமளே பஸ் ஏத்தி வுட்டிருப்போமேடி" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவள் லேபுக்கு வந்தாள். கையில் என் புடவை, அதே கவரில்.

"பொண்ணு பாக்க வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"வுடுடி. அவங்க பெரிய டீமு. அங்க ஆடுனா நாலு பேர் பாப்பாங்க. இங்க உங்களோட கிரவுண்டுல ஆடிக்கினு இருந்தா எனக்கு இன்னா கெடைக்கும்?"

"போனது போகட்டும். என் தோளைப் பத்தி ஏன் சொன்ன?"

அவள் கவரை மேஜையில் வைத்தாள். ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டம்னா ஜெயிக்கத்தான ஆடறது" என்றாள். "புதுசா போன எடம். எனக்கு இன்னா தெரியும்னு கேட்டாங்க. சொன்னேன்."

நான் குனிந்து பெரியவரின் கையில் ரத்தம் எடுத்தேன். நான் நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

டீமை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அக்கா விடவில்லை. அன்றைய ஆட்டத்தை வெளியே நின்றவள் ஒருத்தி போனில் எடுத்திருந்தாள். தையல் கடையில் எல்லோரையும் உட்காரவைத்து அக்கா அதைப் போட்டுக் காட்டினார். பார்க்க முடியாமல் நான் துணி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோல பாக்காதீங்க. நம்ம குடுக்கற பந்த பாருங்க" என்றார்.

பார்த்தோம். நடுவில் ஒரு காலி இடம். நாங்கள் ஐந்து பேரும் திரும்பத் திரும்ப அந்தக் காலி இடத்துக்கே பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தோம். வழக்கமாக அவள் நிற்கும் இடம் அது. அவள் எதிரணியில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தும் எங்கள் கால்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தி சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லோருமே சிரித்தோம், நான் உட்பட. சிரித்து முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் என் தோளைப் பற்றி மற்றவர்களிடம் சொன்னேன். எதிரிக்கே தெரிந்துவிட்டதை இவர்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மொதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பக்கம் நான் ரெண்டடி தள்ளி நின்னுருக்க மாட்டேனா?"

அப்புறம் வேறு மாதிரி ஆடப் பழகினோம். பந்து வந்தால் ஒருத்தியையே தேடாமல் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்துவிட்டு ஓடுவது. கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் கால்கள் படிய வெகுநாள் ஆனது. எனக்கு மட்டும் தனிப் பாடம். தண்ணீர் இல்லாத சங்கராபரணி ஆற்று மணலில் என்னை நிறுத்தி, அக்கா வலது பக்கமாகவே பந்தை உருட்டுவார். முதல் நாள் விழவே இல்லை, உட்கார்ந்தேன். "குந்தாதடி, வுழு!" என்று கத்துவார். வாயெல்லாம் மணலாகி வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் யோசிக்காமல் விழுந்தேன். தோள் வலித்தது, ஆனால் உடையவில்லை.

கோடை முடிந்து அதே டீமுடன் மறுபடி ஆட வேண்டி வந்தது. அவளை எதிர்கொள்ள வேண்டுமே என்று முந்தின நாளிலிருந்தே பயமாக இருந்தது. போய்ப் பார்த்தால் அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் முடியும்வரை அவளை இறக்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவளை ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள்.

எனக்கு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அன்றைக்கும் தோற்றோம், ஆனால் மூன்றுக்கு இரண்டு. எங்கள் இரண்டு கோலும் எங்கள் கால்கள் எல்லாம் தொட்டுப் போன பந்துகள். வலது பக்கம் கீழே வந்ததில் ஒன்றை விட்டேன், இரண்டைப் பிடித்தேன்.

வெளியே வரும்போது அவள் எங்கள் அருகே வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நாளைக்குக் காலைல கிரவுண்டுக்கு வரட்டா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என்னைக் கேக்காத. எல்லாரையும் கேளு" என்றேன்.

கேட்டாள். அக்கா, "வா. ஆனா நடுவுல நிக்கற வேல இனிமே கெடையாது" என்றார்.

இப்போது எங்களோடு ஆடுகிறாள். நன்றாகவே ஆடுகிறாள். நானும் அவளுக்குப் பந்து கொடுக்கிறேன், அவள் கோல் போட்டால் கையும் தட்டுகிறேன். போன வாரம் எனக்கு முட்டி வீங்கியிருந்தது. அக்காவைத் தனியாக அழைத்து, அதிகம் ஓட முடியாது என்று சொல்லிவைத்தேன். அவள் கவனித்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"இன்னாடி, நொண்டற?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு கோல் கம்பத்துக்கு நடந்தேன்.