வராதவர்களுக்கு வைத்த நாலு கோப்பை

நேற்றுக் குட்மேய்ஸில், மகளின் குசினியில், கோப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைக்கத் துணி எடுக்கும்போது ரேடியோவில் ஒருவர் உருகிக்கொண்டிருந்தார். காலமான ஓர் ஆர்மீனிய இசையமைப்பாளரைப் பற்றிய பேச்சு. தான் அவருடைய உயிர் நண்பனாம். அந்தக் குரலை எனக்குத் தெரியும். நண்பனாம், நண்பன்!

"என்னம்மா, ரேடியோவோட சண்டையோ?" என்றாள் மகள்.

அந்த இசையமைப்பாளரின் வால்தம்ஸ்டோ வீட்டில்தான் நான் பல வருடம் பராமரிப்பு வேலை பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குச் சங்கீதத்தில் என்ன தெரியும்? அவர் எழுதும் தாள் எனக்குக் கம்பியில் காகம் இருந்த மாதிரி. சின்ன வயதில் ஊரை விட்டு ஓடி வந்தவர் என்றார். அது மட்டும் நன்றாக விளங்கியது.

நாலு பேர் சேர்ந்து வாசிக்கக் கடைசியாக ஒன்று எழுதி வைத்திருந்தார். சாக முன்னம் அதை ஒரு தரம் காதால் கேட்க வேண்டும். வேறு ஆசை இல்லை. வாசிப்பதாகச் சொன்னவர்களுக்காக ஞாயிறுதோறும் மேசையில் நாலு சின்னக் கோப்பை வைப்பிப்பார். ஒருவரும் வரமாட்டார்கள்.

அவர்கள் ஊரில் கோப்பி குடித்த கோப்பையைக் கவிழ்த்து, மண்டி வழிந்த கோலத்தைப் பார்த்துப் பலன் சொல்வார்களாம். அது தெரியாமல் முதல் நாளே அவர் கவிழ்த்து வைத்ததைப் பளபளவென்று கழுவிவிட்டேன்.

"என்ர தலைவிதியைக் கழுவிப்போட்டியே, பிள்ளை!" என்று கத்தினார். எங்கள் இருவரின் அரைகுறை ஆங்கிலத்தில் எனக்கு அப்படித்தான் கேட்டது.

ஒரே ஒரு ஞாயிறு, அந்த நால்வரில் தலைவரான வயலின்காரர் வந்தார். கழுத்தில் பட்டுச் சால்வை. தாள்களைப் புரட்டி "அற்புதம்" என்றார். அப்ரிகொட் ஜாம் போத்தலை வழித்துத் தின்றார். "அடுத்த மாதம் கட்டாயம் வாசிக்கிறம்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு போனார். கூச்சம் பிடித்த நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்ததுதான் மிச்சம்.

அவர் குடித்துவிட்டு வைத்த கோப்பையைக் கிழவர் கவிழ்த்துப் பார்த்தார்.

"என்ன தெரியுது, சேர்?"

"வயிறு தெரியுது. வழி தெரியேல்லை. உவன் வரமாட்டான்."

அந்தக் குளிர் முடிய முன்னம் அவர் போய்விட்டார். செத்தவீட்டுக்குப் பாதிரியாரும் பக்கத்து வீட்டுக்காரியும் நானும். சால்வைக்காரருக்கு அன்றைக்கு ஒத்திகையாம்.

நேற்று ரேடியோவில் சொல்கிறார், கடைசிக் காலத்தில் பக்கத்திலேயே இருந்தாராம். ஓம், ஜாம் போத்தலுக்குப் பக்கத்தில்!

பேச்சு முடிய, கிழவர் கடைசியாக எழுதியதை நாலு பேரும் ரேடியோவிலேயே வாசித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, எனக்கு அதுதான் கூட எரிச்சல். ஒரே கைதட்டல். அந்த வீட்டை இடித்து பிளாட் கட்டிவிட்டார்கள். கோப்பைகள் பழைய சாமான் விற்கிற எந்தச் சரிட்டிக் கடையில் கிடக்கின்றனவோ. நேற்று நாலு பேரும் வந்திருந்தார்கள். வாசல் மணிக்குக் காது கொடுத்தபடி இருந்தவர்தான் இல்லை.