அக்கரைக்கு நூலகம் கேட்ட சேகர் அண்ணன்

சேகர் அண்ணன் இன்று காலை போய்விட்டார்.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டோவைப் பார்த்ததும் பிறந்தநாள் என்று நினைத்து வாழ்த்து அனுப்பப் போனேன். அப்புறம்தான் கீழே இருந்ததைப் படித்தேன்...

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. எங்கள் நூலக அலுவலகத்தின் வேன் டிரைவர். பூதலூர் பக்கத்துக் கிளை நூலகங்களுக்குப் புத்தகக் கட்டுகளைக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. போன வருடம்தான் ரிட்டயர் ஆனார்.

நான் இங்கே எழுதுவது குறைவு. பேசுவது அதைவிடக் குறைவு. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான் கான்ட்ராக்டில் சேர்ந்தபோது நூலகங்களுக்கான பத்தாண்டுத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. எந்த ஊரில் புதுக் கிளை, எதைப் பெரிதாக்குவது, எந்த வருடம் எது முதலில் என்று. எனக்கு டைப்பிங்கும் மேப்பும்.

ஊர் ஊராகப் பார்க்கப் போனது அண்ணன் வேனில்தான். டீசல் பில்களின் பின்பக்கத்தில் ஏதேதோ எழுதி டேஷ்போர்டில் செருகி வைத்திருப்பார். 'டெய்லர் அக்கா, சமையல் புக், பெரிய எழுத்து.' 'சலூன், பேய்க்கதை, போன தடவ குடுத்தது பயமா இல்லையாம்.' வழியில் வேனை நிறுத்தி ஆட்கள் கேட்டதெல்லாம் அதில் இருக்கும்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். அதனாலோ என்னவோ அவரிடம் எனக்குப் பேச வந்தது.

எங்கள் ஊர் வெண்ணாற்றுக்கு அக்கரை, நூலகம் இக்கரை. கோடையில் ஆறு வெறும் மணல். குறுக்கே நடந்தால் பத்து நிமிடம். ஆனியில் தண்ணீர் வந்துவிட்டால் பாலத்தைச் சுற்றி எட்டு கிலோமீட்டர். அப்பா அம்மா நாற்றங்கால், நடவு என்று வேலைக்குப் போய்விடுவார்கள், யார் கூட்டிப் போவது? ஒரு வருடம் சித்திரையில் எடுத்த புத்தகம் தண்ணீர் வற்றும்வரை எங்கள் வீட்டிலேயே இருந்தது. பதினோரு தடவை படித்தேன்.

இதைச் சொன்னபோது அண்ணன் கியரை மாற்றிக்கொண்டே, "பதினோரு தடவையா? அப்ப காலேஜுக்கு என்னத்துக்குப் போனீங்க மேடம், அதுலயே டாக்டர் பட்டம் வாங்கிருக்கலாமே" என்றார்.

அந்த நூலகத்தைப் பார்க்க எங்கள் குழு போனது மே மாதத்தில். அக்கரைப் பிள்ளைகள் மணலைத் தாண்டி ஓடி வந்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். குழுவை நடத்திய அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். 'இரு கரைக்கும் இந்த ஒரு கிளையே போதுமானது' என்று குறிப்பு எழுதினார். அக்கரையில் வரவேண்டிய புதுக் கிளை பட்டியலிலிருந்து போய்விட்டது.

அந்த வரியை டைப் செய்தது நான். தவறென்று தெரிந்தே... சொல்ல வாய் வரவில்லை.

கடைசிக் கூட்டத்தன்று மேப் சுருள்களைத் தூக்கி வந்த அண்ணன், திரையில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

"சார், மே மாசம் போய்ப் பாத்தா இப்படித்தான் தெரியும். ஆனியில தண்ணி வந்துருமே. அப்பறம் புள்ளைங்க நீந்தியா வரும்?"

"சேகர், நீங்க வண்டியப் பாருங்க" என்றார் அதிகாரி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வண்டியத்தான் சார் பாக்குறேன். அந்த வண்டிதானே எட்டு கிலோமீட்டர் சுத்துது. நான் சொல்றத நம்ப வேணாம். இந்தப் பாப்பாவுக்கு ஊரே அக்கரைதான், கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா சார். ஏழெட்டு மாசம் வர முடியாது" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா."

இன்னொரு தடவை சொன்னேன். அதிகாரி மேப்பில் பாலம் எங்கே என்று பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துத் தன் பிரதியில் அந்த வரியை அடித்தார். அக்கரை மறுபடியும் பட்டியலில் ஏறியது. நான்காம் ஆண்டில்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன். "ஏண்ணே என்னைய மாட்டி விட்டீங்க?"

"நான் எங்க மாட்டி விட்டேன்? உங்க ஊரு எங்க இருக்குன்னுதானே சொன்னேன்."

ரிட்டயர் ஆன பிறகும் போன் செய்வார். எடுத்ததும் ஒரே கேள்விதான். "நாலாம் வருஷம் வந்துருச்சா மேடம்?"

இந்த வருடம்தான் நான்காம் வருடம். போன மாதம் இடம் முடிவாகிக் கட்டடத்தின் படமும் வந்தது. போனில் சொன்னேன். பெண்களுக்குத் தனி அறை, பிள்ளைகளுக்குத் தனி மூலை... எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேன் நிக்க எடம் போட்டுருக்காங்களா?" என்றார்.

படத்தைப் பார்த்தேன். இல்லை.

"எல்லாரும் இதத்தான் மறந்துருவாங்க. ரோட்டுல நிறுத்திட்டு கட்டத் தூக்கித் தூக்கியே எனக்கு இடுப்பு போச்சு. சொல்லிருங்க மேடம். அடுத்து வர்ற டிரைவராவது நல்லா இருக்கட்டும்."

சொல்கிறேன் என்றேன். ஒரு மாதமாகச் சொல்லவில்லை. இன்ஜினியரிடம் பேசத் தயக்கம்.

இன்று அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, மதியம் இன்ஜினியருக்கு நானே போன் செய்தேன். முதல் தடவையே அவருக்குக் கேட்டுவிட்டது.

கிழக்குப் பக்கம் இடம் விடுகிறார்களாம் அண்ணே. அங்கே இருக்கும் புங்க மரத்தை வெட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். வேன் நிழலில்தான் நிற்கும்.

போயிட்டு வாங்க.